சான்டா மோனிகா கேஸ்: டேங்க்கை எடுத்தாச்சு, கிணறு திரும்பி வர 14 வருஷம் ஆச்சு

1995 ஆகஸ்ட்ல, கலிஃபோர்னியாவுல லாஸ் ஏஞ்சலஸை ஒட்டி இருக்குற கடற்கரை ஊரு சான்டா மோனிகா, அந்த நகராட்சியோட சார்னாக் கிணறுகள்ல எடுத்த சாம்பிள்ல எம்டிபிஇ இருக்குன்னு லேப் ரிப்போர்ட் வந்துச்சு. பெட்ரோல்ல கலக்குற ஒரு கெமிக்கல் அது. முதல்ல கொஞ்சமாத்தான் காட்டுச்சு, அப்புறம் ஏற ஆரம்பிச்சு 1996ல 610 பிபிபி வரைக்கும் போயிடுச்சு. ஒரு பிபிபின்னா ஒரு லிட்டர் தண்ணியில ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை பத்து லட்சமா பிரிச்சா அதுல ஒரு பங்கு. எம்டிபிஇ 5 பிபிபி இருந்தாலே சில பேருக்கு டர்பன்டைன் மாதிரி வாடை தெரிஞ்சுடும், அந்தத் தண்ணியை வாயில வைக்க முடியாது. இங்க இருந்தது அதுக்கு 120 மடங்கு.

1996 ஜூனுக்குள்ள சார்னாக்ல இருந்த அஞ்சு கிணத்தையும் நிறுத்திட்டாங்க. அதே வருஷம் ஆர்கேடியாங்கற இடத்துல இருந்த ரெண்டு கிணறும் போச்சு. சுமார் 90 ஆயிரம் பேர் இருக்குற ஊரு, குடிக்கிற தண்ணியில பாதி அந்த ஏழு கிணத்துலருந்துதான் வந்துச்சு. அந்தப் பாதியை மெட்ரோபாலிடன் வாட்டர் டிஸ்ட்ரிக்ட்கிட்ட காசு கொடுத்து வாங்க வேண்டியதாப் போச்சு, அது கொலராடோ ஆத்துலருந்தும் வட கலிஃபோர்னியாவுலருந்தும் பல நூறு மைல் கால்வாய்ல வர்ற தண்ணி.

அதே நிலத்தடி நீர்ப்படுகையில சதர்ன் கலிஃபோர்னியா வாட்டர் கம்பெனிக்கும் கிணறுகள் இருந்துச்சு. சான்டா மோனிகா பம்ப்பை நிறுத்துனதும் நிலத்தடியில இழுப்பு மாறும், இவங்க பம்ப் ஓடிக்கிட்டே இருந்தா அந்தக் கழிவு இந்தப் பக்கம் திரும்பிடும், அதனால அவங்களும் 1996 அக்டோபர்ல முன்னெச்சரிக்கையா நிறுத்திட்டாங்க. ஒருத்தர் கிணத்துல கெட்டா பக்கத்துக் கிணத்துக்காரர் மோட்டாரை எப்படி ஓட்டுறதுங்கறதே மாறிடும், ஏன்னா படுகை எல்லாருக்கும் ஒண்ணுதான்.

இதெல்லாம் எங்கருந்து வந்துச்சுன்னா, சுத்துவட்டாரத்துல இருந்த பெட்ரோல் பங்க்குகளோட பூமிக்கு அடியில புதைச்ச டேங்க்கும் பைப்பும்தான்.

இந்த கேஸை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. பழைய டேங்க்கைத் தோண்டி எடுக்குறதுன்னாலே எல்லாரும் இரும்பைப் பத்திதான் பேசுறாங்க, எத்தன கேலன், எவ்ளோ துரு, எந்த கிரேன், எவ்ளோ மண்ணு லாரியில போச்சுன்னு. அந்த டேங்க்குக்குள்ள எந்த வருஷத்துலருந்து எந்த வருஷம் வரைக்கும் என்ன கலந்த பெட்ரோல் இருந்துச்சுங்கற கேள்விதான் அடுத்த பத்து பதினஞ்சு வருஷத்து செலவை முடிவு பண்ணுது, அதை ஆரம்பத்துலயே யாரும் கேக்குறதில்ல. சான்டா மோனிகா அதுக்கு நல்ல சாட்சி.

முதல்ல டேங்க் எப்படி ஒழுகுதுன்னு பாத்துடுவோம். 1950கள்லருந்து 70கள் வரைக்கும் அமெரிக்காவுல புதைச்சது பெரும்பாலும் ஒத்தைச் சுவர் இரும்பு டேங்க், மேல பெயிண்ட்டோ தாரோ பூசி அப்படியே மண்ணுக்குள்ள இறக்கிடுவாங்க. வெளிப்பக்கம் ஈர மண்ணு துருப்பிடிக்க வைக்கும், உள்பக்கம் அடியில சேர்ற தண்ணி அரிக்கும், ஏன்னா பெட்ரோலை விட தண்ணி கனம், கொஞ்சம் தண்ணி புகுந்தாலும் அடியில போய் உக்காந்துக்கும். ஒரு சின்ன விஷயம், தோண்டி எடுத்த பழைய டேங்க்கைப் பாத்தவங்களுக்குத் தெரியும்: ஊத்துற வாய்க்கு நேர் கீழ, டேங்க்கோட வயித்துல, காசு அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். தினமும் ரெண்டு வேளை அளவு பாக்க டிப் ராடை உள்ள விட்டு விட்டு, அது அதே இடத்துல முப்பது வருஷம் இடிச்சு இடிச்சு விழுந்த ஓட்டை அது. இதனாலதான் பின்னாடி வந்த டேங்க்குல அந்த இடத்துல மட்டும் தனியா ஒரு தகடு வச்சு வெல்ட் பண்ணி விட்டாங்க. ஆனா நிறைய லீக் டேங்க்குல இல்ல, பைப்புல, பைப் மூட்டுல, பம்ப் நிக்குற பெட்டிக்கு அடியில. டேங்க்கை எடுத்துட்டு பைப் ஓடுன பாதையில மண்ணு சோதிக்காம விட்டா வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு.

ஒழுகுறது ஏன் தெரியாம போகுதுன்னா, கணக்குலயே அதுக்கு இடம் விட்டிருக்கு. அமெரிக்க மத்திய விதிப்படி, கணக்கு வச்சு லீக் பாக்குற பங்க்குல தினமும் அளந்து மாசக் கடைசியில கணக்கு பாக்கணும், வித்தியாசம் அந்த மாசம் வித்ததுல 1 சதவீதம் கூட 130 கேலன், அதுக்குள்ள இருந்தா சரி. மாசம் 1 லட்சம் கேலன் விக்குற பங்க்குக்கு இது 1,130 கேலன், அதாவது 4,200 லிட்டருக்கு மேல. வெயிலுக்கு பெட்ரோல் விரியும், மீட்டர் கொஞ்சம் கூடக் குறைய காட்டும், அதனால அவ்ளோ விட வேண்டியிருக்குங்கறது உண்மைதான். டேங்க்குக்குள்ள அளவைத் தானா பாக்குற ஆட்டோமேட்டிக் கேஜ் வந்த பிறகு மணிக்கு 0.2 கேலன் லீக்கைக் கண்டுபிடிக்கணும்னு வச்சாங்க. கேக்க சின்னதா இருக்கு, ஆனா அந்த அளவுல வருஷம் பூரா ஒழுகுனா 1,750 கேலன், சுமார் 6,600 லிட்டர். அதுக்குக் கீழ ஒழுகுறதை மெஷின் மாசா மாசம் கண்டுபிடிக்கணும்னு விதி இல்ல.

சாதாரண பெட்ரோலா இருந்திருந்தா இந்த லீக் ஊரோட தண்ணியை இந்த அளவுக்குக் கெடுத்திருக்காது. இங்கதான் எம்டிபிஇ வருது.

ஈயத்தை பெட்ரோல்லருந்து எடுக்க ஆரம்பிச்சப்போ ஆக்டேன் ஏத்த, அதாவது எஞ்சின் நாக் அடிக்காம இருக்க, வேற ஏதாவது வேணும், 1979லருந்து அமெரிக்காவுல எம்டிபிஇ கலக்க ஆரம்பிச்சாங்க. ரிஃபைனரியில மிச்சமாகுற ஐசோபியூட்டிலீனையும் மெத்தனாலையும் சேத்து செய்றது, மலிவு, பெட்ரோலோட நல்லா கலக்கும், பைப்லைன்ல அனுப்பலாம். 1990ல காத்து சுத்தம் பத்துன சட்டத்தை திருத்துனப்போ, புகை ஜாஸ்தியான ஊருங்கள்ல விக்குற பெட்ரோல்ல ஆக்ஸிஜன் உள்ள பொருள் கட்டாயம் கலக்கணும்னு வந்துச்சு. 1995 ஜனவரியிலருந்து லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி ஊருங்கள்ல புது ஃபார்முலா பெட்ரோல் கட்டாயம், அதுல எம்டிபிஇ அளவு சுமார் 11 சதவீதம். காத்துக்கு நல்லது பண்ணுச்சு, அதை மறுக்கக் கூடாது. ஆனா அதே பொருளை லட்சக்கணக்கான ஒழுகுற டேங்க்குல ஊத்தி வச்சா மண்ணுக்குள்ள என்ன ஆகும்ங்கறதை காத்தைப் பாத்துக்குற ஆபீஸும் தண்ணியைப் பாத்துக்குற ஆபீஸும் சேந்து உக்காந்து பேசலையே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அப்போ யாருக்கும் தெரியாதுன்னும் சொல்ல முடியாது. 1980லயே நியூ ஜெர்சியில ராக்கவேங்கற ஊரோட கிணத்துத் தண்ணியில எம்டிபிஇ வந்துச்சு. 1986ல மெய்ன் மாநில சுற்றுச்சூழல் துறை ஆளுங்க ஒரு கட்டுரை போட்டாங்க, எங்க மாநிலத்துல பெட்ரோல் லீக் ஆன கிணறுகள்ல இது மத்ததை விட தூரமா போகுது, ஒண்ணு இதைக் கலக்குறதை நிறுத்துங்க, இல்லன்னா இது இருக்குற டேங்க்கை ரெட்டைச் சுவர்ல வைங்கன்னு. பத்து வருஷத்துக்கு முன்னாடியே சொன்னாங்க!

இனி அது மண்ணுக்குள்ள என்ன பண்ணும்னு பாப்போம். பெட்ரோல்ல ரொம்ப மோசம்னு நாம பயப்படுறது பென்சீன், கேன்சர் வரவைக்கிறது. தனி பென்சீன் ஒரு லிட்டர் தண்ணியில 1.8 கிராம் மாதிரி கரையும், தனி எம்டிபிஇ 48 கிராம் மாதிரி கரையும். பெட்ரோலுக்குள்ள பென்சீன் 1 சதவீதம், எம்டிபிஇ 11 சதவீதம்னு வச்சா, அந்தப் பெட்ரோலைத் தொட்டு நிக்குற நிலத்தடி தண்ணியில பென்சீன் லிட்டருக்கு 20 மில்லிகிராம் பக்கம் இறங்கும், எம்டிபிஇ 5 கிராம் பக்கம் இறங்கும், இருநூறு மடங்குக்கு மேல வித்தியாசம். அப்புறம் பென்சீன் மண்ணுல இருக்குற மக்குப் பொருள்ல ஒட்டிக்கிட்டு பின்தங்கி வரும், எம்டிபிஇ ஒட்டவே ஒட்டாது, தண்ணி போற வேகத்துல தண்ணியோடவே போகும். மூணாவது, மண்ணுல இருக்குற பாக்டீரியாவுக்கு பென்சீன் சாப்பாடு, ஆக்ஸிஜன் இருந்தா தின்னு தீத்துடும். எம்டிபிஇயோட மூலக்கூறு அமைப்பு அதுங்களுக்கு லேசுல உடையாது, உடைஞ்சாலும் பல இடத்துல டிபிஏன்னு இன்னொரு ஆல்கஹால்ல வந்து நிக்கும், அதுவும் தண்ணியோட ஓடுற சாமான், அதை வடிகட்டுறது இன்னும் கஷ்டம்.

கணக்கா சொன்னா, ஒரு லிட்டர் புது ஃபார்முலா பெட்ரோல்ல 81 கிராம் எம்டிபிஇ இருக்கு. அதை 5 பிபிபி அளவுக்கு நீர்க்கணும்னா 1 கோடியே 60 லட்சம் லிட்டர் தண்ணி வேணும், அதாவது 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி 1,300க்கு மேல. ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு. மேல சொன்ன மணிக்கு 0.2 கேலன் லீக்கை இதோட சேத்து யோசிச்சுப் பாருங்க.

இதே நேரத்துல நடந்த இன்னொரு விஷயம்தான் இந்த கேஸை எனக்கு மறக்க முடியாததா ஆக்குச்சு. 1995 அக்டோபர்ல, சார்னாக்ல எம்டிபிஇ தெரிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு, லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிக் கூடத்துக்காரங்க கலிஃபோர்னியாவுல ஒழுகுன டேங்க் கேஸ்களை எல்லாம் அலசி ஒரு ரிப்போர்ட் விட்டாங்க. பென்சீன் பரவல் பெரும்பாலான இடத்துல சுமார் 250 அடிக்குள்ள நின்னுடுது, பாக்டீரியாவே பாத்துக்குது, அதனால ஒழுகுறதை நிறுத்தி மூலத்தை எடுத்துட்டா பல இடத்துல மிச்சத்தை இயற்கைக்கு விட்டுடலாம்னு. டிசம்பர்லயே மாநில தண்ணி வாரியம் அதை வச்சு ஒரு கடிதம் போட்டுச்சு, ஆபத்து கம்மியான கேஸ்களை மூடுற வழியைப் பாருங்கன்னு. அந்த ஆராய்ச்சி தப்பில்ல, பென்சீனுக்கு அது இன்னிக்கும் சரியாத்தான் நிக்குது, தேவையில்லாம மண்ணைத் தோண்டி கோடிக்கணக்குல செலவு பண்ணிட்டு இருந்ததை நிறுத்துனதும் நல்லதுதான். ஆனா அந்த கேஸ் ஃபைல்கள்ல பெரும்பாலும் லேப் யாரும் எம்டிபிஇக்கு டெஸ்ட் பண்ணல, கேட்டாதானே பண்ணுவாங்க. டெஸ்ட் ரிப்போர்ட்ல இல்லாத ஒண்ணு நிலத்தடியில இல்லைன்னு எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. 1998ல அதே கூடம் எம்டிபிஇயையும் சேத்துப் பாத்து இன்னொரு ரிப்போர்ட் போட்டுச்சு, பார்த்த இடங்கள்ல பெரும்பாலானதுல அது இருந்துச்சு, மாநிலம் பூரா 10 ஆயிரம் இடத்துக்கு மேல இருக்கலாம்னு மதிப்பு போட்டாங்க.

சரி, டேங்க் எடுக்குற வேலைக்கு வருவோம், ஏன்னா இந்த மாதிரி கேஸ்ல எதை எப்போ செஞ்சா பலன்ங்கறது இதுலதான் இருக்கு.

ஃபயர் டிபார்ட்மென்ட் பர்மிட் வாங்கி, மிச்ச பெட்ரோலை வேக்யூம் லாரியில உறிஞ்சி எடுத்து, அடியில கெட்டியா நிக்குற சகதியைக் கழுவி அதையும் எடுத்துடுவாங்க. அதுக்கப்புறம்தான் உண்மையான ஆபத்து, காலி டேங்க்தான் நிறைஞ்ச டேங்க்கை விட வெடிக்கும், பெட்ரோல் ஆவி காத்துல 1.4லருந்து 7.6 சதவீதம் வரைக்கும் இருந்தா ஒரு பொறி போதும். அதனால டிரை ஐஸை உடைச்சு உள்ள போடுவாங்க, நூறு கேலன் கொள்ளளவுக்கு ஒன்றரை பவுண்டு, 10 ஆயிரம் கேலன் டேங்க்குக்கு 150 பவுண்டு, அது கார்பன் டையாக்சைடா மாறி உள்ள இருக்குற ஆக்ஸிஜனை வெளிய தள்ளும். இன்ஸ்பெக்டர் மீட்டரை மேல, நடுவுல, அடியிலன்னு மூணு இடத்துல விட்டுப் பாத்து தலையாட்டுனா தான் டேங்க்கை அசைக்கலாம். ஓட்டையெல்லாம் அடைச்சு ஆவி போக ஒரு சின்ன துவாரம் மட்டும் விட்டு, சங்கிலி போட்டுத் தூக்கி, ஓரமா வச்சு ஒட்டுன மண்ணைச் சுரண்டி எங்கெங்க ஓட்டைன்னு பாப்பாங்க. இதெல்லாம் ஒரு நாள் வேலை, மிஞ்சிப் போனா ரெண்டு நாள்.

குழி வெறுமையா நிக்குற அந்த சில மணி நேரம்தான் ரொம்ப முக்கியம்னு நான் சொல்வேன். டேங்க் படுத்திருந்த இடத்துல ரெண்டு முனைக்கும் கீழ ரெண்டு அடி ஆழத்துல மண்ணு எடுக்கணும், பைப் போன பாதையில 20 அடிக்கு ஒரு இடம், ஒவ்வொரு பம்ப்புக்கும் கீழ ஒண்ணு. பித்தளைக் குழாய்ல மண்ணை இறுக்கி அடிச்சு ரெண்டு பக்கமும் டெஃப்லான் தாள் வச்சு மூடி உடனே ஐஸ் பெட்டியில வைக்கணும், பாலிதீன் பையில போட்டு வெயில்ல வச்சிருந்தா லேபுக்குப் போறதுக்குள்ள பாதி ஆவியாப் போயிருக்கும், ரிப்போர்ட் சுத்தமா வரும். பெட்ரோல் பட்ட மண்ணு சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு நிறத்துல இருக்கும், மூக்குலயே அடிக்கும், ஜேசிபி டிரைவரே சொல்லிடுவார். எம்டிபிஇ அப்படி கறை விடாது. மழைத் தண்ணியோட கீழ இறங்கிப் போயிருக்கும், குழியோட அடி பாக்க நல்லா மஞ்சளா சுத்தமா இருக்கும், அந்த நேரத்துல நிலத்தடி நீர்ல அது நூறு அடி தாண்டியிருக்கும். கண்ணால பாத்துட்டு குழியை மூடச் சொல்ற எஞ்சினியரை நம்பவே கூடாதுங்கறது இதனாலதான். மண்ணு சாம்பிளோட நிறுத்தாம, தண்ணி இருக்குற ஆழம் வரைக்கும் ஒரு போர் போட்டு தண்ணி சாம்பிளும் எடுக்கணும், லேபுக்கு அனுப்புற படிவத்துல எம்டிபிஇ, டிபிஏ, எத்தனால் எல்லாம் பேர் சொல்லி எழுதணும்.

மண்ணு மட்டும் கெட்டிருந்தா நிலைமை நம்ம கையில. தோண்ட முடிஞ்ச வரைக்கும் தோண்டி, பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு குவிச்சு மூடி வச்சு, சோதிச்சு, அதுக்குன்னு இருக்குற இடத்துக்கு லாரியில அனுப்பலாம். தோண்ட முடியாத இடத்துல, அதாவது பக்கத்துல ரோடு இருக்கு, பில்டிங் அஸ்திவாரம் இருக்குன்னா, மண்ணுல ஓட்டை போட்ட குழாய் இறக்கி மோட்டார் வச்சு ஆவியை உறிஞ்சலாம், வெளிய வர்ற ஆவியை எரிச்சுடலாம் இல்ல கார்பன்ல, அதாவது வடிகட்டுற கரியில, பிடிக்கலாம். இங்க எம்டிபிஇ நமக்கு சாதகம், பென்சீனை விட ரெண்டரை மடங்கு வேகமா ஆவியாகும், காய்ஞ்ச மண்ணுல இருக்குற வரைக்கும் இந்த முறையில சீக்கிரம் வந்துடும். தண்ணியில கரைஞ்சுட்டா கதை தலைகீழ். கரைஞ்ச பிறகு அது தண்ணியை விட்டு காத்துக்கு வர மறுக்கும், தண்ணியை கோபுரத்துல மேலருந்து கொட்டி கீழருந்து காத்து ஊதி பென்சீனை விரட்டுற முறை இருக்கே, அதுக்கு எம்டிபிஇன்னா பல மடங்கு காத்து வேணும். கார்பன்ல வடிகட்டுனா கார்பன் சீக்கிரம் தீந்துடும். ஒரே பொருள், மண்ணுல இருக்கும்போது சுலபம், தண்ணிக்குப் போயிட்டா பெரும்பாடு, அதனால இங்க ஒவ்வொரு மாச தாமதமும் நேரடியா பணம்.

சான்டா மோனிகாவுல அந்த மாசங்கள் ஏற்கனவே போயிடுச்சு. ஆர்கேடியா பக்கம் வேலை கொஞ்சம் நேர்கோடா இருந்துச்சு, கிணத்துக்குப் பக்கத்துலயே மொபில்ங்கற எண்ணெய் கம்பெனியோட ஒரு பங்க், மூலம் எதுன்னு தேட வேண்டியதில்ல, அந்தக் கிணறுகள் சார்னாக்குக்கு முன்னாடியே திரும்பி வந்துச்சு. சார்னாக் அப்படி இல்ல. ஒன்றே கால் மைல் தூரத்துக்குள்ள சந்தேகப்பட வேண்டிய இடம் சுமார் 30, பெரும்பாலும் டேங்க் இருந்த இடங்கள், கூடவே பெட்ரோல் பைப்லைன் ரெண்டு. ஒவ்வொருத்தரும் எங்களது இல்ல, பக்கத்து பங்க்கோடதுன்னு சொல்லலாம், தண்ணிக்கு அடியில பேர் எழுதியா இருக்கு. மத்திய அரசோட சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏவும் லாஸ் ஏஞ்சலஸ் வட்டார தண்ணி வாரியமும் சேந்து 1997லருந்து விசாரணையை நடத்துனாங்க, ஒவ்வொரு இடமா கண்காணிப்புக் கிணறு போட்டு, தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, முன்னாடி பம்ப் ஓடுன காலத்துல எந்தப் பக்கம் ஓடுச்சு, எந்த இடத்து அளவு எவ்ளோன்னு பொறுமையா கட்டிக் கொண்டு வந்தாங்க. கிணறு நின்னதும் ஓட்டம் மாறிடும்ங்கறதால இன்னிக்கு ஓடுற திசையை மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம், அதனால பழைய பம்ப்பிங் ரெக்கார்டு எல்லாம் எடுத்துப் பாக்க வேண்டி வந்துச்சு. ஷெல், செவ்ரான், எக்ஸான் மூணு கம்பெனியும் கொஞ்ச காலம் மாத்துத் தண்ணிக்கு காசு கொடுத்தாங்க. 1999ல இபிஏ ஷெல் பேர்ல ஆர்டரே போட்டுச்சு, ஊருக்கு மாத்துத் தண்ணி கொடுக்கணும்னு. 2000ல நகராட்சி எண்ணெய் கம்பெனிகள் மேல வழக்கு போட்டு 2003ல பெரிய கம்பெனிகளோட சமரசம் ஆச்சு.

நகராட்சி செஞ்சதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, வெறும் நஷ்ட ஈட்டுத் தொகையோட திருப்தி ஆகலைங்கறது. காசு வாங்கிட்டு காலத்துக்கும் வெளித் தண்ணி வாங்கிக்கலாம்னு போயிருந்தா கம்பெனிகளுக்கும் நிம்மதி, ஊர்லயும் பல பேர் ஒத்துக்கிட்டிருப்பாங்க. அவங்க கிணறு திரும்ப வேணும், அதுக்கான சுத்திகரிப்பு நிலையமும் அதை ஓட்டுற செலவும் வேணும்னு நின்னாங்க. அந்த ஊர்ல மழை கம்மி, கொலராடோ ஆறு ஏழு மாநிலத்துக்குப் பங்கு போட்ட ஆறு, சொந்தப் படுகையை விட்டுக்கொடுத்தா திரும்ப வராதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

கடைசியா வந்த முறை கார்பன்தான். சார்னாக் தண்ணியை பெரிய பெரிய இரும்புக் கலன்ல நிரப்புன கார்பன் வழியா விடுறாங்க. இந்த மாதிரி நிலையத்துல கலன்களை ரெண்டு ரெண்டா அடுத்தடுத்து வைப்பாங்க, முதல் கலன் எம்டிபிஇயைப் பிடிக்கும், ரெண்டாவது காவலுக்கு நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல எடுக்குற சாம்பிள்ல எம்டிபிஇ தெரிய ஆரம்பிச்சதும் முதல் கலனோட கார்பனை மாத்தி, ரெண்டாவதை முன்னாடி கொண்டு வந்துடுவாங்க. எம்டிபிஇ கார்பன்ல லேசாத்தான் பிடிக்கும்ங்கறதால இந்த மாத்துற வேலை பென்சீன் கேஸை விட அடிக்கடி வரும். 2010 கடைசியிலதான் சார்னாக் தண்ணி திரும்ப ஊருக்குள்ள ஓடுச்சு.

சட்டம் பக்கமும் இந்த கேஸ் நிறைய நகத்துச்சு. 1998 நவம்பர்ல எம்டிபிஇ பத்தி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட ஆய்வு வந்துச்சு, 1999 மார்ச்ல கவர்னர் கிரே டேவிஸ் எம்டிபிஇயை நிறுத்த உத்தரவு போட்டார், முதல்ல 2002 கடைசின்னு கெடு, அதுக்குப் பதிலா கலக்க எத்தனால் சப்ளை பத்தலைன்னு ஒரு வருஷம் தள்ளி 2003 கடைசியில நின்னுச்சு. 2000ல குடிதண்ணிக்கு 13 பிபிபின்னு வரம்பு வச்சாங்க. கலிஃபோர்னியாவுலயே சவுத் லேக் டாஹோங்கற இன்னொரு ஊர்லயும் கிணறுகள் மூடுனாங்க, அங்க ஊருக்குத் தண்ணி கொடுக்குற அமைப்பு வழக்கு போட்டு 2002ல ஜூரி கம்பெனிகளுக்கு எதிரா சொன்ன பிறகு மொத்தம் 69 மில்லியன் டாலருக்கு முடிஞ்சுது. 2005ல மத்திய அரசு ஆக்ஸிஜன் கலக்கணும்ங்கற கட்டாயத்தையே எடுத்துடுச்சு, நாடு பூரா எத்தனாலுக்குப் போச்சு.

டேங்க் பக்கம் பாத்தா, 1988ல வந்த மத்திய விதி பழைய டேங்க்குகளுக்கு 1998 டிசம்பர் 22 வரைக்கும் டைம் கொடுத்துச்சு, துரு பாதுகாப்பு, ஊத்தும்போது சிந்தாம பாத்துக்குற ஏற்பாடு எல்லாம் செய், இல்லன்னா எடுன்னு. லட்சக்கணக்குல டேங்க் வெளிய வந்துச்சு, நிறைய லீக் டேங்க்கைத் தூக்குனப்போதான் முதல் முதலா தெரிஞ்சுது. கலிஃபோர்னியாவுல 1984லருந்தே புதுசா வைக்கிற டேங்க் ரெட்டைச் சுவராத்தான் இருக்கணும், ரெண்டு சுவருக்கு நடுவுல சென்சார், உள் சுவர் ஒழுகுனா மண்ணுக்குப் போகுறதுக்கு முன்னாடி அலாரம் அடிக்கும். ஆனா அதுக்கு முன்னாடி வச்ச ஒத்தைச் சுவர் டேங்க்குகள் பல அப்படியே ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுக்கு 2014ல ஒரு சட்டம் போட்டு 2025 டிசம்பர் 31க்குள்ள எல்லாத்தையும் நிரந்தரமா மூடணும்னு கெடு வச்சாங்க. சின்ன பங்க் வச்சிருக்குறவங்களுக்கு இது பெரிய செலவுங்கறதால மாநிலமே கிராண்ட்டும் கடனும் கொடுக்குற திட்டத்தையும் கூடவே வச்சாங்க, அது நல்ல வேலை. அது இல்லன்னா குடும்பமா ஒரு பங்க் நடத்துறவர் டேங்க் எடுக்குற செலவுக்குப் பயந்து பூட்டிட்டுப் போயிடுவார், ஒழுகுறது மண்ணுக்குள்ள ஒழுகிக்கிட்டே இருக்கும்.

இந்தக் கெடுவால வெளிய வர்ற ஒத்தைச் சுவர் டேங்க்குகள் பெரும்பாலும் 1984க்கு முன்னாடி புதைச்சது, அப்படின்னா ஈயம் கலந்த பெட்ரோலும், எம்டிபிஇ பெட்ரோலும், எத்தனால் பெட்ரோலும் வரிசையா அதே டேங்க்குல இருந்திருக்கலாம். ஈய காலத்து பெட்ரோல்ல இடிபின்னு ஒண்ணு சேத்தாங்க, எஞ்சின்ல ஈயம் படியாம இருக்க, அதுக்கு அமெரிக்க மத்திய குடிதண்ணி வரம்பு வெறும் 0.05 பிபிபி, சாதாரணமா பெட்ரோலுக்கு எழுதிக் கொடுக்குற டெஸ்ட்டுல அந்த அளவுக்குக் கீழ தெரியாது, தனி டெஸ்ட் கேக்கணும். எத்தனால் இருந்த டேங்க்ல வேற பிரச்சனை, பாக்டீரியா முதல்ல எத்தனாலைத் தின்னு ஆக்ஸிஜனைக் காலி பண்ணிடும், பென்சீனைத் தின்ன ஆக்ஸிஜன் மிச்சம் இருக்காது, 250 அடியில நிக்க வேண்டிய பென்சீன் இன்னும் தூரம் போகும், அந்த 1995 ரிப்போர்ட் கணக்கை இந்த இடத்துக்கு அப்படியே எடுக்கக்கூடாது. டேங்க்கோட வயசையும் அந்தந்த வருஷம் அதுல ஊத்துன சரக்கையும் பங்க் ரெக்கார்டுலருந்து எடுத்து, குழி தோண்டுறதுக்கு முன்னாடி வாரமே லேப் படிவத்தை எழுதி முடிச்சிருக்கணும்.